வழியற்ற வெண்ணிலத்தில் ஓர் ஊர்தி

முதலாண்டு மாணவர்களுக்குப் பெரும்பொழுதுகளைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, இந்தப் பனியும், தொலைக்காட்சியில் வீடே மூடுகிற அளவுக்குக் கொட்டுகிறதே, அந்தப் பனியும் ஒன்றுதானா?" என்றார்.

இல்லை என்றேன். நமக்கு வாய்த்த பனி புல்நுனியில் தங்கி, கதிர் எழுந்ததும் காணாமற்போவது. அவர்களுக்கு வாய்த்த பனி ஐந்து மாதம், ஆறு மாதம் நிலத்தின்மேல் குடியிருப்பது. வேறுவேறான இரண்டையும் நாம் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டோம் என்று விளக்கினேன். அவர் அமரவில்லை. "அப்படியென்றால் அவ்வளவு பனியில் அவர்கள் வண்டி எப்படி ஓட்டுவார்கள்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கோ விடை தெரியவில்லை.

அன்று மாலை தொடங்கிய தேடல் என்னைக் கனடாவின் கியூபெக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற்கும், அங்கிருந்து பின்லாந்தின் வடகோடிக்கும் இழுத்துச் சென்றது. ஸ்னோமொபைல் என்று அவர்கள் வழங்கும் பனியூர்தியின் வரலாறு அது. விளையாட்டுப் பொருளாகவே நாம் படங்களில் பார்த்திருக்கும் அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு குழந்தையின் மரணமும், ஒரு தொல்குடியின் இழப்பும் இருக்கின்றன என்பதை அறிந்தபோது, நம் வாசக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

சக்கரம் தோற்கும் இடம்

புதிதாகப் பெய்த பனி பார்வைக்குத்தான் திடப்பொருள். அதன் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு, சிலபோது அதற்கும் மேல், வெறுங்காற்று. கால் வைத்தால் தொடைவரை இறங்கும். அதில் ஒரு கிலோமீட்டர் நடப்பது சேற்று வயலில் நாள் முழுவதும் உழல்வதற்குச் சமம். சக்கரத்தின் நிலை அதைவிட மோசம். வண்டியின் முழு எடையும் உள்ளங்கையளவான நான்கு இடங்களில் இறங்குவதால், சக்கரம் சுழலச் சுழலத் தனக்குத்தானே குழி பறித்துக்கொள்ளும்.

இதற்கு மனிதர் கண்ட பழைய விடை ஒன்றே: எடையைப் பரப்பு. வளைத்த மரச்சட்டத்தில் தோல்வாரை வலையாகப் பின்னிக் காலில் கட்டிக்கொள்ளும் பனிச்செருப்பு, நீண்ட சறுக்குக்கட்டை, நாய்களோ துருவமான்களோ இழுக்கும் சறுக்குவண்டி ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். இதே விடையை இயந்திரத்திற்கு எப்படிப் பொருத்துவது என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரைத் தூங்கவிடாமல் செய்த வினா.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் ஊர்திக் கொட்டிலில் பணிபுரிந்த பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ், காரின் பின்சக்கரங்களுக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் சுழல்பட்டையைப் பொருத்தி, முன்னால் சறுக்குக்கட்டைகளை வைத்தார். பேரரசர் வீழ்ந்தார்; கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பினார்; அவருடைய முறை மட்டும் ரஷ்யாவில் நிலைத்தது. அவ்வாறு மாற்றப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று லெனினின் பயன்பாட்டில் இருந்தது. கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. அரசன் போனாலும் ஆட்சி மாறினாலும் பனி மாறவில்லை அல்லவா!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சேய்னர் என்ற ஊரில் கார்ல் எலியாசன் என்பவர் இருந்தார். காலில் இருந்த குறைபாட்டால் பனியில் வேட்டைக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஈடுகொடுத்து அவரால் நடக்க இயலவில்லை. படகு எந்திரம் ஒன்றையும் மிதிவண்டி உதிரிப் பாகங்களையும் சேர்த்து 1924இல் அவர் ஒரு சறுக்குவண்டியைச் செய்தார். 1927இல் காப்புரிமையும் பெற்றார். தனியாள் ஏறிச் செல்லும் பனியூர்தியின் மூதாதை என்று இதனைக் கருதலாம்.

வால்கோர்ட் ஊர்ச் சிறுவன்

இவர்களுக்கெல்லாம் மேலாக இத்துறையில் நிலைத்துவிட்ட பெயர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1907 ஏப்ரல் 16ஆம் நாள் கியூபெக்கின் வால்கோர்ட் ஊரில் பிறந்தவர். பதினைந்து வயதில், 1922ஆம் ஆண்டின் இறுதியில், பழைய ஃபோர்டு காரின் எந்திரம் ஒன்றைச் சறுக்குவண்டியில் பொருத்தி, அதன் பின்னால் விமானத்தில் இருப்பதுபோன்ற மர விசிறி ஒன்றை இணைத்தார். தம்பி லியோபோல்டு முன்னால் அமர்ந்து திசைதிருப்ப, வண்டி பேரிரைச்சலுடன் ஊர்த்தெருவில் ஓடியது. விசிறியின் வேகத்தைக் கண்டு அஞ்சிய தந்தை, உடனே அதைப் பிரித்துப்போடச் சொன்னார். பிரித்தார்கள். ஆனால் எண்ணத்தைப் பிரித்துப்போட யாரால் இயலும்?

1926இல் பொம்பார்டியே வால்கோர்ட்டிலேயே ஒரு பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கினார். கோடையில் கார்கள் வரும், வருமானம் வரும். குளிர்காலத்தில் கியூபெக்கின் கிராமச் சாலைகள் மூடிக்கிடக்கும். கார்களைக் கொட்டிலில் நிறுத்திவிட்டு மக்கள் குதிரைச் சறுக்குவண்டிக்குத் திரும்புவார்கள். வேலையற்ற அந்த மாதங்களில் அவர் பனியூர்தி மாதிரிகளைச் செய்துபார்த்துக்கொண்டே இருந்தார்.

1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. உடனடியாக அறுவை செய்தாக வேண்டும். மருத்துவமனை இருந்ததோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஷெர்புரூக் நகரில். சாலைகளைப் பனி மூடியிருந்தது. பட்டறையில் இருந்த மாதிரி வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

இந்த இடத்தில் வரலாறு பயில்வோர் சற்று நிதானிக்க வேண்டும். மகனின் இறப்பே அவரைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கியது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. கேட்பதற்கு உருக்கமான கதைதான். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. அவர் 1922 முதலே முயன்றுகொண்டிருந்தவர். உண்மை அந்தக் கதையைவிடக் கொடியது. விடையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, தேவைப்பட்ட இரவில் அது கைவசம் இல்லை. காலத்தால் பிந்திய ஒரு கருவியின் வலியை அவரைவிட அறிந்தவர் யார்?

1935இல் அவர் அந்த விடையை எட்டினார். ரப்பர் போர்த்திய பற்சக்கரம், அது இழுத்துச் சுழற்றும் பட்டை ஆகிய இரண்டும் சேர்ந்த அமைப்பு அது. பற்களில் பனி ஒட்டி இறுகுவதுதான் அதுவரை பலருடைய வண்டிகளையும் முடக்கிய சிக்கல். ரப்பர் வளைந்துகொடுத்ததால் பனி உதிர்ந்துவிட்டது. 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பி7 வண்டியும், பின்னர் பன்னிரண்டு பேர் அமரும் பி12 வண்டியும் வெளிவந்தன. ஒட்டுப்பலகை உடல், கப்பலில் இருப்பதைப் போன்ற வட்டச் சன்னல்கள், முன்னால் இரு சறுக்குக்கட்டைகள் எனப் பார்ப்பதற்கு அது ஒரு விந்தையான உருவம். மருத்துவர்களும் பாதிரியார்களும் அஞ்சல்காரர்களும் அதனை வாங்கினார்கள். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும், பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் அது ஓடியது. ஈவோனுக்குக் கிடைக்காத வழி வேறு குழந்தைகளுக்குத் திறந்தது.

பெரிய வண்டியிலிருந்து சிறிய வண்டிக்கு

ஆனால் காலம் இன்னொரு திருப்பத்தைக் காட்டியது. 1948இல் கியூபெக் அரசு கிராமப்புறச் சாலைகளிலும் பனியை அகற்ற முடிவுசெய்தது. சாலை திறந்துவிட்டால் பனியூர்தி எதற்கு? பொம்பார்டியேயின் விற்பனை பெரிதும் சரிந்தது. காடுகளிலும் சதுப்புநிலங்களிலும் இழுவை வேலை செய்யும் பட்டை வண்டிகளைச் செய்து அவர் நிறுவனத்தைக் காத்துக்கொண்டார்.

எனினும் சாலையே இல்லாத இடங்கள் வடக்கே இருந்தன. அங்கே பணியாற்றிய அவருடைய நண்பர் மொரீஸ் உய்மே என்ற பாதிரியாருக்குத் தேவைப்பட்டது பன்னிரண்டு பேர் வண்டியன்று. நாய்வண்டியின் இடத்தில் ஓர் ஆள் ஏறி மரங்களுக்கிடையே செல்லத்தக்க சிறிய வண்டி. அதற்கேற்ற எடை குறைந்த எந்திரங்கள் 1950களில்தான் வந்தன. இடைவெளியற்ற ஒரே ரப்பர் வளையமாகப் பட்டையை வார்க்கும் முறையைப் பொம்பார்டியே தம் மகன் ஜெர்மேனுடன் சேர்ந்து உருவாக்கினார். 1959 ஏப்ரலில் முதல் சிறு வண்டி ஒன்டாரியோ மாநிலத்தின் வடபகுதியில், லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற தொல்குடியினர் ஊரில், உய்மே பாதிரியாரின் முன்னிலையில் ஓட்டிக் காட்டப்பட்டது.

நாயின் வேலையைச் செய்வதால் அதற்கு 'ஸ்கி டாக்' என்று பெயரிட எண்ணினார்களாம். அச்சுப் பிழையால் அது 'ஸ்கி டூ' ஆயிற்றாம். பிழையோ வேண்டுமென்றே செய்ததோ, அந்தப் பெயர் வடகனடா மக்களின் நாவில் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் அங்கே அது 'ஸ்கிடூ'தான். நம் ஊரில் நகல் எடுப்பதெல்லாம் 'ஜெராக்ஸ்' ஆனதைப் போல.

இதே காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரோசோ என்ற ஊரில், வேளாண் கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்று இருந்தது. எட்கர் ஹெட்டீன், ஆலன் ஹெட்டீன், டேவிட் ஜான்சன் ஆகிய மூவரின் பட்டறை அது. எட்கர் ஊரில் இல்லாத நேரத்தில் ஜான்சனும் மற்றவர்களும் ஒரு பனிவண்டியைச் செய்துவிட்டார்கள். தானியம் ஏற்றும் இயந்திரத்தின் சங்கிலியைப் பட்டையாகவும், பழைய செவ்ரோலே காரின் முன்தடுப்பைச் சறுக்குக்கட்டையாகவும் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். திரும்பிவந்த எட்கர் இந்த வீண்வேலைக்காகச் சினந்தார். ஆனால் 1956இல் உள்ளூர் மரக்கடைக்காரர் ஒருவர் அதை 465 டாலருக்கு வாங்கிக்கொண்டார். பொலாரிஸ் நிறுவனத்தின் பனியூர்தி வரலாறு தொடங்கியது அங்கேதான். பின்னாளில் வண்டியின் வலிமையை உலகிற்குக் காட்ட 1960இல் அலாஸ்காவில் ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்தவரும் அதே எட்கர்தான்! அதன்பின் அங்கிருந்து பிரிந்து ஆர்க்டிக் கேட் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே.

ஸ்கி டூ முதல் குளிர்காலத்தில் 225 வண்டிகள் விற்றது. பொம்பார்டியே 1964 பிப்ரவரி 18இல், தம் 56ஆம் வயதில், காலமானார். அதற்குள் ஆண்டு உற்பத்தி எட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. 1968 ஏப்ரல் 19இல் ரால்ஃப் பிளெய்ஸ்டெட் தலைமையிலான குழு பனியூர்திகளிலேயே வடதுருவத்தை அடைந்தது. பொம்பார்டியேயின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ழான்-லூக் அக்குழுவில் ஒருவர். 1971ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவில் ஓராண்டில் ஏறத்தாழ ஐந்து லட்சம் வண்டிகள் விற்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பாதிரியாரோ பொறிவைத்து வேட்டையாடுபவரோ அல்லர்; வாரவிடுமுறையில் உல்லாசம் தேடிய நகரத்தார். உழைப்புக்குப் பிறந்த வண்டி விளையாட்டுக்குப் போனது.

உழைப்பு வண்டியின் இலக்கணம்

ஆயினும் பிறந்த நோக்கத்தை மறவாத ஒரு கிளை உண்டு. ஸ்கி டூவின் 'ஸ்கேண்டிக்', பின்லாந்தின் ரோவனியெமி நகரில் உருவாகும் 'லின்க்ஸ்' வண்டிகள் ஆகியவை அந்தக் குலத்தைச் சேர்ந்தவை. பயன்பாட்டுப் பயண வண்டிகள் என்று இவற்றைச் சொல்லலாம். பந்தய வண்டிகளைப் போல இவை பாய்வதில்லை. பட்டையின் அகலம் 50 அல்லது 60 சென்டிமீட்டர்; முழு நீளம் ஏறத்தாழ 4 மீட்டர். சறுக்குக்கட்டைகளும் அகலமானவை. இருவர் அமரலாம், பின்னால் சுமைவண்டியைக் கட்டி இழுக்கலாம். குறைவேகப் பல்லிணையும் பின்னோக்கிச் செல்லும் பல்லிணையும் இவற்றுக்கு இன்றியமையாதவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 430 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் 1.4 மீட்டர் நீளம் பனியைத் தொடுகிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் எடை வெறும் 50 கிராம். 70 கிலோ மனிதர் ஒருவர் ஒரு காலில் நிற்கையில், அதே பரப்பில் 350 கிராம் விழுகிறது. மனிதர் புதையும் இடத்தில் அவரைவிட ஆறு மடங்கு எடையுள்ள வண்டி மிதந்து செல்வதன் மருமம் இதுதான். பனிச்செருப்பு பின்னிய பழங்குடி மூதாட்டி அறிந்திருந்த அதே கணக்கு!

ஆனால் மிதக்கிறது என்பதற்காகப் பனி அடங்கிவிட்டது என்று பொருளில்லை. ஆழ்பனியில் ஓட்டுபவர்கள் கைக்கொள்ளும் விதிகள் சில உண்டு. விசையைச் சட்டெனக் கூட்டக் கூடாது. பட்டை வீணே சுழன்றால் சில நொடிகளில் தனக்கான பள்ளத்தைத் தோண்டிவிடும். மேட்டில் ஏறும்போது நிற்கக் கூடாது. நிற்க வேண்டுமானால் இறக்கம் நோக்கி நிறுத்த வேண்டும். சமநிலத்தில், நிறுத்துமுன் ஒரு சுற்று சுற்றிவந்து தன் தடத்தின்மேலேயே நிறுத்துவது நலம். புதைந்துவிட்டால் முதலில் எந்திரத்தை அணைக்க வேண்டும். பின்பு மண்வாரியால் அடியில் இறுகிய பனியை வெட்டியெடுத்து, முன்னாலுள்ள பனியை மிதித்து வழியாக்கி, தேவையானால் வண்டியையே பக்கவாட்டில் சாய்த்துப் பள்ளத்தை நிரப்பி, மீண்டும் நிமிர்த்த வேண்டும். முந்நூறு கிலோ வண்டியோடு தனியாளாய்ச் செய்யும் இந்த மல்யுத்தம் அரைநாளைத் தின்றுவிடும்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது வழி செய்யும் முறை. பெருஞ்சுமையைக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதல்நாள் வெறும் வண்டியை ஓட்டித் தடம் பதித்துவிட்டுத் திரும்புவார்கள். கலைந்து அழுந்திய பனித்துகள்கள் இரவுக் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். மறுநாள் காலையில் அந்தத் தடம் சாலைபோல் சுமைதாங்கும். தடத்தைவிட்டு அரை மீட்டர் விலகினாலோ மீண்டும் புதைகுழி. வழி என்பது அங்கே நிலத்தில் இருப்பதன்று. நேற்று ஒருவர் சென்றதால் இன்று இருப்பது.

உறைந்த ஏரிகளில் வேறோர் இடர் ஒளிந்திருக்கிறது. மேலே குவியும் பனியின் எடையால் பனிக்கட்டித் தளம் அழுந்த, விரிசல்கள் வழியாக நீர் மேலேறும். பனிப்போர்வை குளிரைத் தடுப்பதால் அந்நீர் உறையாமல் குழம்பாகக் கிடக்கும். வெளியே வெண்மை, உள்ளே சகதி. அதில் நின்றால் வண்டி அங்கேயே உறைந்துவிடும். எனவேதான் இரவில் நிறுத்தும்போதும் பட்டை தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளாதிருக்க, மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்துவது வழக்கம்.

சொந்தக்காரரின் பொறுப்புகளோ முடிவதில்லை. எந்திரத்தின் விசையைப் பட்டைக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட் அறுந்தால் வண்டி வெறும் இரும்பு. மாற்றுப் பெல்ட், தீப்பொறிச் செருகிகள், கோடரி, மண்வாரி, கயிறு ஆகிய எல்லாம் உடனிருக்க வேண்டும். வண்டியின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். எரிபொருள் தொலைவிலிருந்து வரவேண்டும். உதிரிப் பாகமும் அப்படியே. இந்த 'வரவேண்டும்' என்ற சொல்லில்தான் நம் வரலாற்றின் மறுபக்கம் தொடங்குகிறது.

செவெத்தியார்வி சொல்லும் பாடம்

பின்லாந்தின் வடகோடியில் செவெத்தியார்வி என்றோர் ஊர். ஸ்கோல்ட் சாமி என்னும் தொல்குடியினர் வாழ்வது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் அவர்களுடைய தாய்நிலமான பெத்சமோ பகுதி சோவியத் ஒன்றியத்தின் வசமாயிற்று. நிலமிழந்த ஸ்கோல்ட் மக்களில் ஒரு பகுதியினர் 1949இல் இங்கே குடியமர்த்தப்பட்டனர். துருவமான் வளர்ப்பே அவர்களுடைய வாழ்வு. இறைச்சியும் தோலும் தருவது மான். சறுக்குவண்டியை இழுப்பதும் மான். செல்வமும் மான், உறவும் மான்.

அவர்களிடையே தங்கி ஆராய்ந்தவர் பெர்ட்டி பெல்டோ என்ற அமெரிக்க மானுடவியலாளர். பனியூர்தி வருவதற்கு முன்பே, 1950களின் இறுதியில் அவ்வூரைக் கண்டவர், வந்தபின்னும் கண்டவர். முன்னும் பின்னும் கண்ட ஒரு சாட்சி வரலாற்றில் எளிதில் வாய்ப்பதில்லை. அவருடைய நூல் 1973இல் வெளிவந்தது.

1960களின் தொடக்கத்தில் அப்பகுதிக்கு ஸ்கி டூ வந்தது. அண்டையூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பொழுதுபோக்காகத்தான் முதலில் வாங்கினார். விறகு கொண்டுவரவும் கடைக்குச் செல்லவும் அது எத்துணைப் பயனுடையது என்பதை ஊரார் விரைவில் கண்டுகொண்டனர். நார்வேக் கடைகளுக்கு மான்வண்டியில் போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். பனியூர்தியில் ஐந்து மணிநேரம். யார்தான் வேண்டாம் என்பார்? பத்தாண்டுகளுக்குள், 1971 அளவில், அங்கிருந்த 72 குடும்பங்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் வண்டி இருந்தது. வண்டி இழுக்கும் மான்கள் மறைந்தன.

மந்தை மேய்ப்பதற்கும் வண்டியைப் பயன்படுத்தியபோது எவரும் எதிர்பாராதது நடந்தது. இரைச்சலுக்கும் வேகத்திற்கும் அஞ்சி மான்கள் ஓடின. மனிதரோடு பழகி அமைதியாக வாழ்ந்த விலங்குகள் காட்டு விலங்குகளாக மாறத் தொடங்கின. விரட்டி ஓட்டப்பட்டதால் ஈனும் கன்றுகளும் குறைந்தன என்று கருதப்பட்டது. வண்டி வாங்கவும் எரிபொருளுக்கும் பணம் வேண்டும். பணத்திற்கு மானை விற்க வேண்டும். குடும்பத்திற்குச் சராசரி 52 என்றிருந்த மான்கள் பத்தாண்டில் 12 ஆயின. பெரும்பாலான குடும்பங்கள் மந்தைத் தொழிலையே கைவிட்டன. வசதியும் இயந்திர அறிவும் கொண்ட சிலரிடம் மந்தைகள் குவிந்தன. ஏறத்தாழச் சமமாக வாழ்ந்த ஒரு சமூகத்தில் உள்ளவர், இல்லாதவர் என்ற கோடு விழுந்தது.

பெல்டோ இதனை ஒரு கருத்தாக வடித்தார். தேவையானவை தன் நிலத்திலேயே கிடைத்த நிலை மாறி, வாழ்வின் பிடி தொலைதூரச் சந்தைகளின் கைக்குப் போவது என்று அதனைச் சுருக்கலாம். மான் பாசியைத் தின்று நடந்தது. பாசி அங்கேயே விளைந்தது. வண்டி பெட்ரோலைக் குடித்து நடந்தது. பெட்ரோல் அங்கே விளையவில்லை.

கனடாவின் வடபகுதி இனுயிட் மக்களுக்கு நேர்ந்ததோ இன்னும் கொடியது. 1950களிலும் அதற்குப் பின்னும் அரசு அதிகாரிகளாலும் காவலர்களாலும் அவர்களுடைய இழுவை நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. நாயில்லாத வேட்டைக்காரன் வேட்டைக்குச் செல்ல இயலாதவன். பனியூர்தி வாங்கப் பணமில்லாதவர்கள் வேலையற்றுக் குடியிருப்புகளில் முடங்கினர். 2019இல் கிகிக்தானி பகுதி இனுயிட் மக்களிடமும், 2024 நவம்பரில் நுனாவிக் பகுதி மக்களிடமும் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது. அந்தக் குற்றம் வண்டியின் தலையில் சுமத்தத்தக்கதன்று, மனிதர் செய்தது. ஆனால் நாயை இழந்தவர்கள் எதை இழந்தார்கள் என்பதை வண்டி ஓட்டியபோது உணர்ந்தார்கள். சீல் இறைச்சியை நாய்க்குப் போடலாம். எந்திரத்திற்கு ஊற்ற இயலாது. பனிப்புயலில் கண் தெரியாமற்போனாலும் நாய் வீட்டுக்கு வழி அறியும், வண்டி அறியாது.

கட்டிவைத்த பனிச்செருப்பு

அப்படியானால் பனியூர்தி வந்திருக்கவே வேண்டாம் என்று சொல்கிறேனா? அவ்வாறு சொல்லும் உரிமை, ஈவோனைத் தூக்கிக்கொண்டு பனிமூடிய சாலையைப் பார்த்து நிற்காத எவருக்கும் இல்லை. ஷெர்புரூக்கை எட்ட முடியாத அந்த இரவு உண்மை. ஐம்பத்திரண்டு மான்கள் பன்னிரண்டாகக் குறைந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. ஒரு வழி திறக்கையில் இன்னொரு வழி ஓசையின்றி மூடிக்கொள்வதைப் பார்ப்பதற்குத்தான் வரலாறு வேண்டும்.

வடநிலத்து அனுபவசாலிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு புதிய, எவ்வளவு விலையுயர்ந்த வண்டியானாலும், தொலைதூரம் செல்கையில் அதன் பின்புறத்தில் ஒரு சோடிப் பனிச்செருப்பைக் கட்டிக்கொள்வார்கள். வண்டியில் ஒரு மணிநேரத்தில் கடக்கும் தொலைவு, அது நின்றுவிட்டால், ஆழ்பனியில் ஒருநாள் நடை. நடந்து திரும்பப் பாட்டன் செய்த கருவி வேண்டும். அந்தச் செருப்பைக் கட்ட இரண்டு நிமிடம் போதும். ஸ்கோல்ட் மக்களுக்கு அப்படிக் கட்டிவைத்துக்கொள்ள எதுவும் எஞ்சவில்லை என்பதே அவர்களுடைய துயரம். பழக்கிய மான் ஒருமுறை காட்டுக்குப் போனால் மறுகுளிருக்குத் திரும்பிவராது.

மறுவாரம் வகுப்பில் அந்த மாணவரை எழுப்பி, இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வழி கிடைத்தது ஐயா, மான் போய்விட்டது" என்றார். பின்பனிக் காலத்திற்குரிய திங்கள்கள் எவை என்று கேட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவர் சரியாகவே சொன்னார்: மாசி, பங்குனி.